பட்டம் முடிந்தது, கொழும்பில் வேலை. எங்கே தங்குவது?

ஆரையம்பதி_மகள் | ஏப்ரல் 24, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்து இந்த வருஷம்தான் வெளியே வந்தேன். ஆரையம்பதியில் இருந்து வந்தாறுமூலைக்கு நாலு வருஷம் பஸ்ஸில் போய் வந்ததுதான் இதுவரை என் பயணம். இப்போது ராஜகிரியவில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் முதல் வாரம் சேர வேண்டும். அடிப்படைச் சம்பளம் 65,000 ரூபாய், முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம்.

வேலை கிடைத்த சந்தோஷம் இரண்டு நாள்தான் இருந்தது. மூன்றாம் நாளில் இருந்து வீட்டில் ஒரே பேச்சு, பிள்ளை எங்கே தங்குவது என்று. அப்பாவுக்கு நான் கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டில் நின்றால்தான் நித்திரை வரும். வெள்ளவத்தையில் தமிழ்ப் பிள்ளைகள் நிற்கிற போர்டிங் என்றால் அம்மாவுக்குச் சம்மதம். எனக்கு வேலைக்குப் பக்கத்திலேயே இருக்க விருப்பம். ஆனால் அந்தப் பக்கம் ஒருவரையும் தெரியாது. சிங்களம் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், வாய் திறந்தால் வராது.

மாமி வீட்டில் இரண்டு அறை, ஏற்கெனவே ஐந்து பேர். மனதார வா என்கிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஊரை விட்டுக் கொழும்புக்கு வந்து வேலை செய்கிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன் | ஏப்ரல் 24, இரவு 10.15

தங்கச்சி, முதலில் பஸ்ஸைச் சொல்கிறேன். ஹெட்டியாவத்தையில் இருந்து வெளிக்கிடும் 176 பொரளை வழியாக ராஜகிரியவுக்குப் போகும். மாமி வீட்டில் இருந்தால் ஒரே பஸ்தான், மாறி ஏறத் தேவையில்லை. பொரளைச் சந்தியில் காலையில் நெரிசல் இருக்கும், ஏழு மணிக்கு முதல் வீட்டை விட்டு இறங்கிவிடுங்கள்.

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டிலும் ஊரில் இருந்து வந்த சொந்தக்காரப் பிள்ளைகள் நின்று வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்றால் வீட்டுக்காரருக்கும் சந்தோஷம், வந்த பிள்ளைக்கும் சந்தோஷம். அதற்கு மேல் போனால் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் காலையில் குளியலறை வாசலில் தெரியும். வரும்போதே மாமியிடம் ஒரு திகதியைச் சொல்லிவிட்டு வாருங்கள். அந்தத் திகதி உறவைக் காப்பாற்றும்.

37ஆம்_லேன் | ஏப்ரல் 25, காலை 6.50

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கணக்காய்வு வேலை, வெள்ளவத்தையில் ஒன்பதாவது வருஷம். அம்மா சொல்வதைத் தட்டிவிட வேண்டாம் தங்கச்சி.

நான் வந்த முதல் மாதம் எப்படி இருந்தது தெரியுமா? வேலையிடத்தில் நாள் முழுக்க ஆங்கிலமும் சிங்களமும். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரிப்பார்கள், எனக்கு என்னவென்று விளங்காது, நானும் சிரிப்பேன். ஆறு மணிக்கு பஸ்ஸில் இருந்து இறங்கி எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினால் மரக்கறிக் கடையில் "என்ன பிள்ளை, இண்டைக்குப் பிந்திப் போச்சு" என்று ஒரு குரல். அந்த ஒரு வசனத்துக்காகவே காலி வீதி நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டு வந்திருக்கிறேன். ஒழுங்கையின் கீழ் முனையில் மரைன் டிரைவ், அதைத் தாண்டினால் தண்டவாளம், பிறகு கடல். இரவில் ரயில் போனால் கட்டில் மெல்ல அதிரும். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி உதிர்ந்து துருத் தூள் தலையணையில் கிடக்கும். அந்த அறையை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் நூலகத்தில் இருந்துதான் என் தொழில்முறைப் பரீட்சைகளுக்குப் படித்தேன். கோயிலும் கூப்பிடு தூரத்தில். இடியப்பமும் சொதியும் எந்த நேரமும் கிடைக்கும். புது ஊரில் மனம் விழாமல் நிற்க இதெல்லாம் வேண்டும்.

ராஜகிரியவுக்குப் போக, கொள்ளுப்பிட்டி வரை ரயிலிலோ 100, 101 பஸ்ஸிலோ வந்து 177 கடுவெல பஸ் எடுக்கலாம். ரயிலில் என்றால் இடையில் பம்பலப்பிட்டி ஒரு ஸ்டேஷன்தான். மாதச் சீசன் எடுத்தால் மலிவு.

மலைக்காற்று | ஏப்ரல் 25, மதியம் 12.30

அக்கா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் இந்தத் தங்கச்சியின் சம்பளத்தை ஒருமுறை கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

65,000இல் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 5,200 கழிந்துவிடும். கையில் வருவது 59,800. வெள்ளவத்தையில் இரண்டு பேர் அறையில் ஒரு கட்டிலுக்கு என் கூட்டாளியின் தங்கை 20,000 கொடுக்கிறா, கரண்ட் வேறாக. சாப்பாடு எப்படிச் சிக்கனம் பிடித்தாலும் 25,000. இரண்டு பஸ் மாறிப் போய் வர, கைபேசி, சவர்க்காரம், ஒரு காய்ச்சலுக்கு மருந்து. ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? நான் ஹட்டனில் இருந்து வந்தவன். முதல் சம்பளத்தில் இருந்தே அம்மாவுக்குக் காசு அனுப்ப வேண்டிய வீடு எங்களுடையது. அதனால் வேலையிடத்தில் இருந்து நடக்கிற தூரத்தில் வெலிக்கடைப் பக்கம் அறை எடுத்தேன். காசை விட, நேரம்தான் பெரிய மிச்சம். வெள்ளவத்தையில் இருந்து வருகிற சக ஊழியர் போக வர மூன்று மணி நேரம் ரோட்டில் நிற்கிறார். அந்த மூன்று மணி நேரத்தில்தான் நான் மாலை வகுப்பு முடித்தேன்.

சிங்களம் தெரியாது என்று பயப்பட வேண்டாம். எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது, தோட்டத்தில் இருந்து டவுனுக்கு இறங்கினால் அது இல்லாமல் முடியாது. ஆனால் என் அறைத்தோழன் மன்னாரில் இருந்து ஒரு சொல் தெரியாமல் வந்தான். முதல் வாரம் பஸ்ஸில் "பஹினவா", அதாவது இறங்கப் போகிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, இரண்டு தரிப்பு தாண்டிப் போய் மழைக்குள் நடந்து வந்தான். எட்டாம் மாதம் வீட்டுக்கார அம்மாவிடம் தண்ணி மோட்டர் பற்றிச் சண்டை பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டான். சுற்றிவர அந்த மொழி இருந்தால்தான் வாயில் ஏறும்.

இன்னொன்று, அரசகரும மொழிகள் திணைக்களம் ராஜகிரியவில்தான் இருக்கிறது. சிங்கள வகுப்புகள் நடத்துகிறார்கள். வேலைக்குப் பக்கத்தில் இருந்தால் அங்கே போய் விசாரித்துப் பாருங்கள்.

வடமராட்சி_வாத்தி | ஏப்ரல் 25, இரவு 8.05

பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தத் தகப்பனின் பக்கத்தில் இருந்து ஒரு சொல் சொல்ல வேண்டும். எனக்கும் அவருடைய வயதுதான் இருக்கும்.

மகள், கொட்டாஞ்சேனை மாமி வீடு என்று அப்பா பிடிவாதமாக நிற்பது இடவசதி தெரியாமல் இல்லை. எங்கள் காலத்தில் கொழும்புக்கு வருகிற தமிழ்ப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது கட்டில் இல்லை, "இவர் எங்களுடைய ஆள்" என்று கதவைத் திறந்து சொல்ல ஒரு வீடு. பொலிஸ் பதிவுத் துண்டை மடித்து அடையாள அட்டையோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பால் வாங்கக் கடைக்குப் போவோம். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. அப்போது உங்களுக்கு நாலைந்து வயது இருக்கும். உங்கள் அப்பா அந்தச் செய்தியை வானொலியில் கேட்டிருப்பார். போர்டிங் என்று நீங்கள் சொல்லும்போது அவருக்குக் காதில் விழுவது அதுதான்.

இன்றைக்கு நிலைமை வேறு. நானே சொல்கிறேன், தைரியமாக வாருங்கள், எந்தப் பகுதியிலும் தங்குங்கள். ஆனால் அப்பாவோடு வாதாட வேண்டாம். அவரை ஒருமுறை கூட்டிக்கொண்டு வந்து வீட்டுக்கார அம்மாவின் முகத்தைக் காட்டுங்கள். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகட்டும். அதற்குப் பிறகு அவர் நித்திரை கொள்வார்.

37ஆம்_லேன் | ஏப்ரல் 25, இரவு 9.20

வாத்தி ஐயா எழுதியதை வாசித்துக் கண் கலங்கிவிட்டது. என் அப்பா நான் வந்த முதல் வருஷம் முழுக்க இரவு ஏழரைக்கு அழைப்பு எடுப்பார். "அறைக்குள்ளே வந்திட்டியா" என்று மட்டும் கேட்பார், வைத்துவிடுவார்.

மலைக்காற்று தம்பி, உங்கள் கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஆண். வேலைக்குப் பக்கம் என்று எடுத்த அறைக்கு பிரதான வீதியில் இருந்து எத்தனை யார் இருட்டில் நடக்க வேண்டும், ஒழுங்கையில் விளக்கு எரிகிறதா, கேற் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், மாத முடிவில் கணக்கு மூடுகிற நாட்களில் ஒன்பது மணியானால் திறந்து விடுவார்களா? ஒரு பெண் பிள்ளைக்கு வாடகையை விட இவைதான் பெரிய கேள்விகள். பகலில் மட்டும் போய் அறை பார்க்க வேண்டாம் தங்கச்சி. இரவு ஏழரைக்குப் பிறகு ஒருமுறை அந்த ஒழுங்கையால் நடந்து பாருங்கள், மாமியின் பிள்ளைகள் யாரையாவது கூட்டிக்கொண்டு. பஸ்ஸில் யாராவது தொந்தரவு செய்தால் பேசாமல் இருக்காதீர்கள். சத்தம் போடுங்கள், இங்கே சனம் திரும்பிப் பார்க்கும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிஸ் 119. இரண்டையும் கைபேசியில் இப்போதே சேமித்து வையுங்கள்.

மலைக்காற்று | ஏப்ரல் 25, இரவு 9.45

ஒத்துக்கொள்கிறேன் அக்கா. அது எனக்குத் தோன்றாமல் போனது என் பிழைதான்.

ஆரையம்பதி_மகள் | ஏப்ரல் 26, காலை 7.10

வாத்தி ஐயாவின் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. எழும்பி வெளியே போய்க் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து, "சரி, நான் வந்து பார்க்கிறேன்" என்றார்.

வேலைப் பக்கத்தில் என்ன கவனிக்க வேண்டும் என்றும் யாராவது சொல்வீர்களா? நியமனக் கடிதம் இன்னும் கையில் வரவில்லை. மூலப் பட்டச் சான்றிதழைக் கொண்டு வந்து ஒப்படைக்கச் சொல்கிறார்கள்.

பேரேடு | ஏப்ரல் 26, காலை 10.30

மூலச் சான்றிதழை ஒப்படைக்க வேண்டாம். காட்டலாம், உறுதிப்படுத்திய பிரதி கொடுக்கலாம். நான் என் முதல் வேலையில் கொடுத்துவிட்டு, விலகும்போது அதைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் அலைந்தேன். அதே இடத்தில்தான் சம்பளச் சிட்டையில் சேமலாப நிதி கழித்துக்கொண்டே வந்தார்கள், ஆனால் ஏழு மாதம் கட்டவில்லை. நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுத்த பிறகுதான் கட்டினார்கள். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது நான் ஒன்று விடாமல் கோவையில் குத்தி வைத்திருந்த சம்பளச் சிட்டைகள். நீங்களும் கணக்குப் பிள்ளைதானே, சொல்லத் தேவையில்லை.

சேமலாப நிதிக்கு உங்களிடம் இருந்து 8 வீதம், முதலாளி தன் பங்காக 12 வீதம். அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். இது முதல் நாளில் இருந்தே, தகுதிகாண் காலம் என்று சொல்லித் தள்ளிப் போட முடியாது. அங்கத்துவ இலக்கத்தை முதல் மாதமே கேட்டு வாங்குங்கள். வருமான வரி பற்றி யோசிக்க வேண்டாம், 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 வரை வரி இல்லை.

லீவு பற்றி யாரும் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி முதல் வருஷத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் அமய விடுமுறைதான். வருடாந்த விடுமுறை அடுத்த வருஷம்தான் தொடங்கும், அதுவும் சேர்ந்த மாதத்தைப் பொறுத்து. ஏப்ரல் தொடங்கி ஜூன் முடிவதற்குள் சேர்ந்தவர்களுக்கு 10 நாள், ஜூலை வந்துவிட்டால் 7 நாள்தான். சேரும் திகதியை அவர்கள் ஜூலைக்குத் தள்ளினால் நீங்கள் இழப்பது மூன்று நாள். மட்டக்களப்புக்குப் போய் வரவே ஒரு பகலும் ஒரு இரவும் போகிற உங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. போயா நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் ஒன்றரை நாள் சம்பளம் தர வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

நியமனக் கடிதம் கையில் வராமல் அறைக்கு முற்பணம் கட்ட வேண்டாம். கட்டும்போது சிட்டை எழுதி வாங்குங்கள், எத்தனை மாதம், திரும்பத் தருவார்களா என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். அடையாள அட்டைப் பிரதி கேட்டால் கொடுங்கள், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று அதன் குறுக்கே எழுதிவிட்டுக் கொடுங்கள்.

ஓட்டமாவடி_தாதி | ஏப்ரல் 26, இரவு 11.10

இரவு வேலை முடிந்து எழுதுகிறேன், சுருக்கமாக. நீங்கள் வருகிற ஜூன் இங்கே தென்மேல் பருவ மழை. எங்கள் ஊரில் மழை என்றால் கார்த்திகை, மார்கழி. இங்கே வைகாசியிலேயே பிடித்துக்கொள்ளும், கூடவே டெங்கும் வரும். காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் போடுங்கள். அஸ்பிரின், இபுப்ரொஃபென் கிட்டவும் போக வேண்டாம். காய்ச்சல் விடாமல் இருந்தால் மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் கவனம், சுகமாகிவிட்டது என்று வேலைக்குப் போய்விடாதீர்கள். வயிற்று நோ, வாந்தி, கைகால் குளிர்தல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. தனியாக அறையில் இருக்கிற பிள்ளைகள் அம்மாவைப் பயப்படுத்தக் கூடாது என்று மறைத்து, முற்றிய பிறகு வருகிறார்கள். அறைத்தோழியிடமாவது சொல்லுங்கள்.

ஆரையம்பதி_மகள் | ஓகஸ்ட் 3, மாலை 5.25

இவ்வளவு நாள் எழுதாமல் விட்டதற்கு மன்னியுங்கள்.

அப்பாவும் நானும் மே கடைசியில் இரவு பஸ்ஸில் வந்தோம். அம்மா மாமிக்கென்று இரண்டு சட்டி எருமைத் தயிர் கட்டித் தந்தா. விடிய விடிய அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இறங்கியதும் மாமியிடம் நான் சொன்ன முதல் விஷயம் ஜூன் 30 வரைக்கும்தான் நிற்பேன் என்பது. மாமி கோபித்தா. பிறகு சமையலறையில் வைத்துக் கையைப் பிடித்து, நல்லது பிள்ளை என்றா.

நியமனக் கடிதத்தில் சேரும் திகதி ஜூன் 2 என்று வந்தது, பேரேடு அண்ணா. சான்றிதழை அவர்கள் முன்னால் பிரதி எடுக்க வைத்து மூலத்தைக் கையோடு வாங்கிக்கொண்டேன்.

ஆறு அறை பார்த்தோம். வெள்ளவத்தையில் இரண்டு, பொரளையில் ஒன்று, ராஜகிரியவில் மூன்று. வெள்ளவத்தை எனக்குப் பிடித்தது, 37ஆம் லேன் அக்கா, உண்மையாகவே பிடித்தது. ஆனால் அங்கே கேற் எட்டுக்குப் பூட்டு. மாத முடிவில் வேலையே ஏழரைக்குத்தான் முடியும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ராஜகிரியவில் கடைசியாகப் பார்த்த அறை, ஓய்வு பெற்ற சிங்கள ஆசிரியை ஒருவரின் வீட்டு மாடியில். அப்பா முற்றத்தில் கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா இரண்டு பழம் பறித்து, கழுவி, உப்பும் தூளும் தொட்டு ஒரு பீங்கானில் கொண்டுவந்து கொடுத்தா. அவவுக்குத் தமிழ் இல்லை, அப்பாவுக்குத் தெரிந்த சிங்களம் "ஸ்துதி" மட்டும். இரண்டு பேரும் அரை மணி நேரம் கையாலே மரத்தைப் பற்றிக் கதைத்தார்கள். திரும்பும்போது அப்பா, "பிள்ளை இங்கேயே நிக்கட்டும்" என்றார். வாத்தி ஐயா, அந்தத் தேத்தண்ணிக்குப் பதிலாகக் கொய்யாப்பழம்.

ஜூலை முதலாம் திகதி வந்துவிட்டேன். அறையில் என்னோடு பதுளைப் பிள்ளை ஒருவர். கட்டில் ஒன்றுக்கு 14,000. வேலைக்கு நடந்து பதினொரு நிமிடம். முதல் சம்பளத்தில் 12,000 வீட்டுக்கு அனுப்பினேன்.

சுகமாக மட்டும் இருக்கிறது என்று எழுத மாட்டேன். ஜூலை நடுவில் ஒரு வாரம் ஒவ்வொரு இரவும் அழுதேன். காரணம் எதுவும் இல்லை, மழை விடவே இல்லை, காயப்போட்ட உடுப்பு நாலு நாளாகியும் ஈரம். பிறகு ஆடிவேலுக்கு மாமி வீட்டார் கூப்பிட்டார்கள். செட்டியார் தெருவில் வேல் புறப்படுகிற இடத்தில் சனத்துக்குள் நின்றபோது மேளச் சத்தத்தில் நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு மாமி வீடு, ஒரு ஞாயிறு வெள்ளவத்தை. தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போனேன் அக்கா, நீங்கள் எந்த மேசையில் இருந்து படித்தீர்கள் என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் இருந்தேன்.

சிங்களத்தில் இப்போது கேட்கப் பழகிவிட்டேன், "ஹெமின் கியன்ன", மெதுவாகச் சொல்லுங்கள் என்று. சொன்னால் எல்லோரும் உண்மையாகவே மெதுவாகச் சொல்கிறார்கள்.

முல்லைக்கரை | ஓகஸ்ட் 3, இரவு 8.50

அக்கா, நான் முல்லைத்தீவு. செப்டெம்பரில் பத்தரமுல்லையில் வேலை தொடங்குகிறேன், கொழும்பில் ஒருவரையும் தெரியாது, கொட்டாஞ்சேனை மாமி மாதிரி யாரும் இல்லை. உங்கள் வீட்டில் வேறு கட்டில் காலியாகுமா?

ஆரையம்பதி_மகள் | ஓகஸ்ட் 3, இரவு 9.05

வீட்டுக்கார அம்மாவிடம் இப்போதே இறங்கிப் போய்க் கேட்டேன். பக்க அறையில் ஒரு பிள்ளை கல்யாணமாகி ஓகஸ்ட் கடைசியில் போகிறா. கட்டில் 14,000, முற்பணம் இரண்டு மாதம், சிட்டை எழுதித் தருவா. கேற் ஒன்பதரைக்குப் பூட்டு, முன்கூட்டிச் சொன்னால் பிந்தியும் திறப்பா. அறையில் சமைக்க முடியாது, கீழே சமையலறையில் ஒரு அடுப்பு எங்களுக்கு. பத்தரமுல்லைக்கு 177 நேரே போகும்.

அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வாருங்கள் தங்கச்சி. பஸ் விடியப்புறம் நாலு மணிக்கு வந்தாலும் பரவாயில்லை, தனி மடலில் நேரத்தைச் சொல்லுங்கள். நான் வந்து நிற்கிறேன்.